வாயைத் திறந்தால் பத்து ரூபாய்

கதவிலேயே தோற்றுப்போனேன். ஆழ்வார்பேட்டையில் ஒரு சந்து, சந்தின் கடைசியில் ஓடு போட்ட பழைய பங்களா, அதற்கு ஒரு தேக்குக் கதவு. கதவின் நடுவில் யானைத் தும்பிக்கை மாதிரி வளைந்த பித்தளைக் கைப்பிடி. கை தானாகப் போய்ப் பிடித்தது, இழுத்தது. கதவு அசையவில்லை. இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாக. ஊஹும். அப்புறம்தான் கைப்பிடிக்கு மேலே செல்லோடேப் போட்டு ஒட்டியிருந்த துண்டுச் சீட்டு கண்ணில் பட்டது: ‘தள்ளவும்’.

தள்ளினேன், திறந்தது. வாங்க, நீங்களும் என் பின்னாலேயே வந்துவிடுங்கள். செருப்பை இடதுபக்கம் விடலாம். சத்தம் மட்டும் வேண்டாம்.

இது ஒரு விளம்பர நிறுவனம். பெயர் சொல்ல மாட்டேன், அந்த நிபந்தனையில்தான் உள்ளே விட்டிருக்கிறார்கள். ஊரில் இருக்கிற கடைக்கெல்லாம் லோகோ வரைவது, பெட்டிக்குப் படம் போடுவது, விளம்பரத்துக்கு வசனம் எழுதுவது இவர்கள் பிழைப்பு. இன்றைக்கு இவர்களுக்கே பரீட்சை. மாதக்கணக்கில் இழைத்து இழைத்துச் செய்த சொந்த வெப்சைட்டை அடுத்த வாரம் வெளியிடப்போகிறார்கள். அதற்கு முன்னால் ஐந்து பேரைக் கூப்பிட்டு, ஒவ்வொருவராக உட்காரவைத்து, “இதைப் பயன்படுத்திப் பாருங்க” என்று கொடுத்துவிட்டு, செய்தவர்கள் அத்தனை பேரும் பக்கத்து அறையில் ஒளிந்துகொண்டு பார்க்கப்போகிறார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வரும்போது சமையலறை ஜன்னலில் ஏழெட்டுத் தலை தெரியுமே, அதேதான்.

பரீட்சையை நடத்துகிறவள் என் கல்லூரித் தோழி. மாடரேட்டர் என்று அவள் பதவிக்குப் பெயர். தமிழில் நடத்துநர் என்று சொல்லலாமா என்று கேட்டேன். “சொல்லு, சரியாத்தான் இருக்கும். பஸ் கண்டக்டர் வேலைதான். ஏறச் சொல்லணும், எங்க இறங்குறாங்கன்னு பார்க்கணும். வண்டிய மட்டும் நாம ஓட்டக் கூடாது” என்றாள். பிறகு என் தோளைப் பிடித்துத் திருப்பி, “உள்ள போய் உட்காரு. வாயத் திறந்தேன்னு வெச்சுக்க, பத்து ரூபா” என்றாள். வேடிக்கைக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

ஸ்டோர் ரூம் மேடை

‘பார்வையாளர் அறை’ என்று தோழி பெருமையாகச் சொன்னது சாட்சாத் ஸ்டோர் ரூம். போன தீபாவளிக்கு வந்த பரிசுப் பெட்டிகள் உத்தரம் வரை அடுக்கியிருக்கின்றன. ஏதோ விளம்பரத்துக்குச் செய்த ஆறடி இட்லி ஒன்று தெர்மோகோலில், ஓரம் கடிபட்டு, சுவரில் சாய்ந்திருக்கிறது. விருதுக் கோப்பை ஒன்றில் டீ ஸ்பூன்கள். நடுவில் ஒரு டி.வி., அடுத்த அறையில் நடப்பது அத்தனையும் அதில் தெரியும். டி.வி. ஒரு பக்கம் சாயாமல் இருக்க அடியில் ஒரு புத்தகத்தை முட்டுக்கொடுத்திருந்தார்கள். குனிந்து முதுகைப் படித்தேன். ஸ்டீவ் க்ரூக் 2000-இல் எழுதிய ‘டோன்ட் மேக் மீ திங்க்’. பயனரை யோசிக்கவைக்காதே என்று உலகத்து டிசைனர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த புத்தகம். இங்கேயும் உபயோகமாகத்தான் இருந்தது.

ஏ.சி. கிடையாது. போட்டால் அதன் உறுமல் சுவரைத் தாண்டிப் போகிறதாம். மின்விசிறியை இரண்டில் வைத்துக்கொண்டு ஒன்பது பேர் வியர்த்துக்கொண்டிருந்தோம். கறுப்பு டி-ஷர்ட்டும் நரைத்த தாடியுமாக ஆர்ட் டைரக்டர். நகம் கடித்துக்கொண்டு காப்பிரைட்டர். வாடிக்கையாளர்களைப் பார்த்துக்கொள்ளும் அக்கவுன்ட்ஸ் மேடம். மூலையில், தளத்தை உண்மையில் கட்டிய கோடிங் தம்பி, கல்யாண வீட்டில் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி நிம்மதியாக.

டி.வி.க்குப் பக்கத்தில் ஒரு மண் உண்டியல். இருக்கிற விதி ஒன்றே ஒன்றுதான். அடுத்த அறையில் பயனர் தடுமாறும்போது “ஐயோ, அங்க இல்ல, மேல!” என்று கத்தினாலோ, “இந்த ஆளுக்குத்தான் புரியல” என்று முனகினாலோ பத்து ரூபாய். சாயங்காலம் அந்தக் காசில் பஜ்ஜி. வாடிக்கையாளரிடம் பேசிப் பேசியே சம்பாதிக்கிற கூட்டம் இது. வாயை மூடிக்கொண்டு ஒரு நாளை ஓட்டுமா?

பரீட்சைக்கு முன்னால் ஒரு மாதிரித் தேர்வு. முகப்புப் பக்கத்தை ஐந்தே விநாடி காட்டி மூடிவிட்டு, என்ன பார்த்தீர்கள் என்று கேட்பது. வாட்ச்மேன் அண்ணன், கணக்குப் பிரிவு அம்மா, கையெழுத்து வாங்க வந்த கூரியர் பையன் என்று அகப்பட்டவர்களையெல்லாம் பிடித்தார்கள். “கறுப்பா இருந்துச்சு” என்றார் வாட்ச்மேன். “ஒரு உருண்டை ஓடிச்சு” என்றார் அம்மா. “சினிமா கம்பெனிதானே சார்?” என்றான் கூரியர் பையன். ஆர்ட் டைரக்டர் வாயைத் திறக்கப்போனார். உண்டியலைப் பார்த்தார், மூடிக்கொண்டார்.

ஐந்து விநாடியே தாராளம் என்றாள் தோழி. கனடாவில் கார்ல்டன் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 2006-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு வலைப்பக்கம் அழகா இல்லையா என்று மனிதர்கள் முடிவுகட்ட 50 மில்லி விநாடி போதும். கண் சிமிட்ட ஆகும் நேரத்தைவிடக் குறைவு. ஆறு மாத உழைப்புக்கு அரைச் சிமிட்டலில் தீர்ப்பு.

அறுவடைன்னா விவசாயமா?

தளத்தை உங்களுக்குக் காட்டிவிடுகிறேன். திறந்ததும் கும்மிருட்டு. நடுவில் 0 என்று ஓர் எண் பிறந்து 100 வரை எண்ணும். பிறகு ஒரு வெள்ளை உருண்டை, சுட்டியின் அம்பு எங்கே போகிறதோ அங்கெல்லாம் நாய்க்குட்டி மாதிரிப் பின்னாலேயே ஓடும். மேலே மூலையில் மூன்று கோடு. அதைத் தட்டினால் மெனு: வேர், அறுவடை, தூது. ‘எங்களைப் பற்றி’ என்பதுதான் வேர். இதுவரை செய்த வேலைகள் அறுவடை. தொடர்புகொள்ள, தூது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. காப்பிரைட்டர் மூன்று ராத்திரி தூங்காமல் பிடித்த சொற்களாம்.

தோழி போன வாரமே இதை ஆட்சேபித்திருக்கிறாள். ஜேகப் நீல்சன் 1994-இல் தொகுத்த பத்து விதிகள் இந்தத் தொழிலின் திருக்குறள் மாதிரி. அதில் ஒன்று, பயனர் பேசுகிற சொல்லையே நீயும் பேசு என்பது. அந்தப் பத்தையும் அச்சடித்து ஆபீஸ் கழிப்பறைக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருக்கிறாள். “அங்கதான் எல்லாரும் நிதானமா உட்கார்ந்து படிப்பாங்க.” படித்தார்கள், ஒப்புக்கொள்ளவில்லை. அதனால்தான் இந்த வழக்கு ஐந்து பேர் முன்னால் வந்திருக்கிறது.

முதல் ஆள் உள்ளே வருகிறார். புரசைவாக்கத்தில் மிட்டாய்க் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி. நெற்றியில் மூன்று விரல் விபூதி, கக்கத்தில் மஞ்சப்பை. தோழி வழக்கமான மந்திரத்தைச் சொல்கிறாள்: “உங்கள நாங்க சோதிக்கல அண்ணாச்சி, வெப்சைட்டத்தான் சோதிக்கிறோம். தப்பு வந்தா அது எங்க தப்பு. மனசுல ஓடுறத வாய்விட்டுச் சொல்லிட்டே இருங்க.” இந்த வாய்விட்டுச் சொல்லும் முறையை 1982-இல் ஐ.பி.எம்.மில் இருந்த கிளேட்டன் லூயிஸ் கம்ப்யூட்டர் பரிசோதனைக்குக் கொண்டுவந்தார். அண்ணாச்சிக்கு அந்தப் பயிற்சியே வேண்டாம். கல்லாவில் உட்கார்ந்து முப்பது வருஷமாக அதைத்தான் செய்கிறார்.

வேலை இதுதான்: தீபாவளிக்குப் புதுப் பெட்டி டிசைன் செய்யவேண்டும், இந்த நிறுவனத்தோடு பேசவேண்டும்.

“இருட்டா இருக்கு. கரண்டு போச்சா? ஆங், எண்ணுது. சரி, எண்ணட்டும்... வந்துட்டு. இது என்னம்மா, ஈ மாதிரி கூடவே வருது?” கையால் திரையில் உருண்டையை விரட்டினார். ஸ்டோர் ரூமில் ஒன்பது பேரும் வாயைப் பொத்திக்கொண்டோம். பக்கத்திலிருந்த ஆறடி இட்லி எங்கள் குலுக்கலில் ஆடியது.

மூன்று கோட்டைப் பார்த்தார். “இங்க பட்டை போட்டிருக்கு. சாமி சம்பந்தமா?”

ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார் கம்ப்யூட்டருக்காக நார்ம் காக்ஸ் என்ற டிசைனர் இந்த மூன்று கோட்டை வரைந்தார். அந்தக் கம்ப்யூட்டர் 1981-இல் சந்தைக்கு வந்தது. வெளிநாட்டில் அதற்கு ஹாம்பர்கர் என்று பேர். புரசைவாக்கத்தில் அது விபூதிப் பட்டைதான் என்பது இன்றுதான் தெரிந்தது. நான் சிரித்தது சுவரைத் தாண்டிவிட்டது. முதல் பத்து ரூபாய் என்னுடையது.

தோழி பதில் சொல்லவில்லை. “நீங்க என்ன நினைக்கிறீங்க அண்ணாச்சி?” என்று பந்தைத் திருப்பிப் போட்டாள். தட்டிப் பார்த்தார், மெனு விரிந்தது. “வேர். அறுவடை. இவங்க விவசாயம் வேற பண்றாங்களா? நல்ல விஷயம்தான். தூது... தூதுன்னா ஜாதகம் பாத்து வரன் பேசுறதா?” என்று அதைத் தாண்டிப்போனார். போன் நம்பரைத் தேடினார். கீழே போனார், மேலே வந்தார், மறுபடி கீழே போனார். ஏழு நிமிஷம். ஸ்டோர் ரூமில் காப்பிரைட்டர் எழுந்து நின்று, டி.வி.யைப் பார்த்துக் கும்பிட்டு, “தூது! அண்ணாச்சி, தூத அமுக்குங்க!” என்று கதறினார். ஒரு தடவை கத்தியதற்கு ஒரு பத்து என்று கணக்கு. நாற்பது ரூபாய் போட்டார்.

கடைசியில் அண்ணாச்சி மௌஸை மேஜையில் வைத்தார். “இத்தனை அழகா கடை கட்டியிருக்காங்க. கல்லா எங்க இருக்குன்னு தெரியலயேம்மா.”

ஸ்டோர் ரூமில் யாரும் மூச்சுவிடவில்லை.

முடித்ததும் பத்துக் கேள்வி கொண்ட ஒரு தாள் தருவார்கள். ஜான் புரூக் என்பவர் 1986-இல் உருவாக்கி, இன்றுவரை உலகமெங்கும் புழங்கும் தாள். முதல் கேள்வியே, இதை அடிக்கடி பயன்படுத்த விரும்புவீர்களா என்பது. “எதுக்கு? நான் என்ன தினமும் புதுப் பெட்டியா செய்யப்போறேன்?” என்றார் அண்ணாச்சி. நியாயம்தானே?

நன்றிக்கு ஓர் இனிப்புப் பெட்டி கொடுத்தார்கள். மிட்டாய்க் கடைக்காரருக்கு இனிப்பு! புரட்டிப் பார்த்தார், மூடியை அமுக்கிப் பார்த்தார். “நம்ம கடை இல்ல” என்று மட்டும் சொல்லி மஞ்சப்பையில் போட்டுக்கொண்டார். போகும்போது வாசல் கதவருகே நின்று, அந்தத் துண்டுச் சீட்டைச் சுட்டிக்காட்டினார். “கதவுக்கே கோனார் நோட்ஸ் போட்டிருக்கீங்களே தம்பி, அப்பவே எனக்குச் சந்தேகம்.”

புள்ளியை யார் எடுத்தது?

இரண்டாவதாக வந்தவர் ஒரு பள்ளிக்கூடத் தாளாளர் அம்மா. இருபது வருஷம் தமிழாசிரியையாக இருந்து நிர்வாகத்துக்கு வந்தவர். தன் பழைய லேப்டாப்பையே கொண்டுவந்திருந்தார். அதிலேயே பார்ப்பதாகச் சொன்னார். தோழிக்கு ஒரே சந்தோஷம். ஆபீஸின் பளபளப்பான திரையில் எல்லாமே நன்றாகத்தான் தெரியும்.

முகப்பில் கட்டை விரல் தடிமனில் ஒரு வாசகம்: ‘சொற்களுக்கு உயிர் கொடுப்போம்’. டிசைனர் ஆங்கில எழுத்தை வைத்து வரி உயரத்தை அளந்திருக்கிறார். தமிழுக்குத் தலைக்கு மேலே புள்ளி உண்டு, கொக்கி உண்டு, இடம் வேண்டும். அந்த லேப்டாப்பில் மேல்விளிம்பு வெட்டுப்பட்டு, புள்ளிகள் அத்தனையும் காணாமல் போயிருந்தன. அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, வகுப்பில் படிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தார்: “சொற... களுக... கு உயிர... கொடுப... போம.”

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு, “உயிர் கொடுக்கிறேன்னு சொன்னாங்க, கொடுத்துட்டாங்க. மெய்யெழுத்தெல்லாம் உயிர்மெய் ஆயிடுச்சு!”

ஸ்டோர் ரூம் வெடித்தது. ஆர்ட் டைரக்டரே கண்ணில் நீர் வரச் சிரித்தார். மொத்தப் பேரும் உண்டியலுக்கு வரிசையில் நின்றோம். கோடிங் தம்பி சிரித்துக்கொண்டே, “நான் அப்பவே சொன்னேன், லைன் ஹைட்ட ஏத்துங்கன்னு” என்றான். சிரிப்புக்குப் பத்து, ‘அப்பவே சொன்னேன்’ என்றதற்குத் தனியாக இருபது என்று அங்கேயே சட்டத்தைத் திருத்தினார்கள்.

சிரிப்பு அடங்குவதற்குள் இன்னொன்று. கறுப்புப் பின்னணியில் மங்கலான சாம்பல் எழுத்தில் பத்தி பத்தியாக விவரம். அம்மா முகத்தைத் திரைக்கு அருகே கொண்டுபோனார். லேப்டாப்பை ஜன்னல் வெளிச்சத்திலிருந்து திருப்பினார். கடைசியில், “இத நான் படிக்கணும்னு அவங்க நினைக்கல போல” என்றார். குரலில் கோபமே இல்லை, அதுதான் சுருக்கென்று தைத்தது. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்ற விகிதத்தில் இருக்கவேண்டும் என்பது உலகம் ஏற்றுக்கொண்ட அணுகல் விதி. ஆர்ட் டைரக்டர் தாடியைத் தடவிக்கொண்டு, கேட்டும் கேட்காத குரலில் சொன்னார்: “மழைக்கு முன்னாடி மெரினாவுல வானம் இருக்கும்ல, அந்தச் சாம்பல். கேமரா எடுத்துட்டுப் போய்ப் பிடிச்சேன்.” யாரும் உண்டியலை நீட்டவில்லை.

மதியச் சாப்பாடு சாம்பார் சாதம், தெர்மோகோல் இட்லிமேல் தட்டுகளைச் சாய்த்துவைத்துக்கொண்டு. ஐந்து பேர் போதுமா, ஐம்பது பேர் வேண்டாமா என்று தோழியைக் கேட்டேன். “ரசம் கொதிக்குதான்னு பார்க்க ஒரு கரண்டி போதாதா?” என்றாள். நீல்சனும் தாமஸ் லாண்டாவரும் 1993-இல் போட்ட கணக்குப்படி, ஐந்து பேரிலேயே சுமார் 85 சதவீதக் குறைகள் வெளியே வந்துவிடும். அந்தக் கணக்கை மறுத்துப் பேசுகிறவர்களும் உண்டு. ஆனால் அண்ணாச்சி விழுந்த பள்ளத்தில் தாளாளர் அம்மாவும் விழுந்ததைப் பார்த்த பிறகு ஸ்டோர் ரூமில் யாரும் ஐம்பது பேர் கேட்கவில்லை. அம்மாவும் தூதைத் தாண்டித்தான் போனார். ‘மேகதூதமா, புறாவிடு தூதா?’ என்று ஆராய்ந்துவிட்டு.

டிங்!

மூன்றாவது, வீட்டிலிருந்தே செம்புப் பாத்திரம் விற்கும் இளம்பெண். கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. “எனக்கு எல்லாமே போன்லதான்.” சரி, போனிலேயே ஆகட்டும். ஆபீஸ் வைஃபை வேண்டாம், சொந்த டேட்டாவிலேயே பார்க்கச் சொன்னாள் தோழி.

இருட்டு. 0. 3. 7. பங்களாச் சுவர் ஒன்றரையடி தடிமன், சிக்னல் நொண்டி அடிக்கிறது. 11. ஸ்டோர் ரூமில் எல்லாரும் கூடவே எண்ண ஆரம்பித்தோம், உதடு மட்டும் அசைய. 14-இல் நின்றது. அந்தப் பெண் போனை மேஜைமேல் வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள். திரும்ப எடுத்தாள், 19. “அக்கா, உண்மையச் சொல்லட்டுமா? இது நூறாகுறதுக்குள்ள நான் இன்ஸ்டாவுல அவங்களுக்கு மெசேஜே போட்டுடுவேன்.”

“நிஜமா என்ன செய்வீங்களோ அதச் செய்யுங்க” என்றாள் தோழி.

கட்டைவிரல் பறந்தது. அடுத்த விநாடி, எங்கள் ஸ்டோர் ரூமில், அக்கவுன்ட்ஸ் மேடத்தின் மடியில் கிடந்த போன்: டிங்!

ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மேடம் போனைத் தூக்கிக் காட்டினார். ‘ஹாய், ஒரு லோகோ செய்யணும், எவ்வளவு ஆகும்?’ சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, வாசல் கதவான வெப்சைட்டைச் சுற்றிக்கொண்டு, கொல்லைப்புறமாக வந்து நிற்கிறார் வாடிக்கையாளர். மேடம் எழுந்து தானாகவே உண்டியலில் பத்து ரூபாய் போட்டார். “நான் எதுவும் சொல்லல. சொல்லணும்போல இருக்கு, அதுக்கு அட்வான்ஸ்.”

நான்காவது ஆள் எல்லார் வயிற்றிலும் பாலை வார்த்தான். குறும்படம் எடுக்கும் இளைஞன். உருண்டை ஓட ஆரம்பித்ததும் “ஐ!” என்றான். அதை வட்டம் போடவைத்தான், எட்டுப் போடவைத்தான். ‘அறுவடை’க்குள் போய் ஒவ்வொரு வேலையையும் ரசித்துப் பார்த்தான். சாம்பல் நிறத்தைப் பார்த்து “மழை வாசனை வருது” என்றே சொல்லிவிட்டான்! ஆர்ட் டைரக்டர் நாற்காலியைவிட்டு எழுந்து டி.வி.யைக் கட்டிப்பிடிக்காத குறை. பன்னிரண்டு நிமிஷம் உலாவிய பிறகு தோழி கேட்டாள், “இவங்க என்ன தொழில் பண்றாங்கன்னு தோணுது?” இளைஞன் தலையைச் சொறிந்தான். “மியூசியமா இருக்குமோ?”

இதிலும் ஒரு பாடம் உண்டு, அழகுக்குச் சாதகமான பாடம். ஜப்பானில் ஹிட்டாச்சியைச் சேர்ந்த குரோசுவும் காஷிமுராவும் 1995-இல் ஏ.டி.எம். திரையை 26 விதமாக வரைந்து 252 பேரிடம் காட்டினார்கள். எது அழகாக இருந்ததோ அதுதான் சுலபமானது என்று மனிதர்கள் நம்பினார்கள். அழகு சும்மா இல்லை. சின்னத் தடுமாற்றங்களை மன்னிக்கவைக்கும். அந்த இளைஞன் எத்தனையோ இடத்தில் இடறினான், ஒன்றைக்கூடக் குறை சொல்லவில்லை. ஆனால் அழகு வாங்கித் தருவது கொஞ்சம் பொறுமையைத்தான். அந்தப் பொறுமை தீர்வதற்குள் போன் நம்பர் வந்துவிடவேண்டும்.

மணி நான்கு. ஐந்தாவது ஆள், ஒரு தனியார் மருத்துவமனையின் கொள்முதல் அதிகாரி. நிதானமான மனிதர். அதிசயமாக இவர் ‘தூது’க்குள் நுழைந்தே விட்டார். ஸ்டோர் ரூமில் சத்தமில்லாக் கைதட்டல். பெயர், ஊர், செல் நம்பர், என்ன வேண்டும் என்று படிவத்தை நிரப்பி ‘அனுப்பு’ பட்டனை அழுத்தினார். போகவில்லை. செல் நம்பரில் ஓர் இலக்கம் விட்டுப்போயிருந்தது. தளம் அதைச் சொல்லத்தான் செய்தது: அந்தக் கட்டத்தின் பச்சைக் கோடு சிவப்பாக மாறியிருந்தது.

மறுபடி அழுத்தினார். மறுபடி. கட்டங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார். “எல்லாம் போட்டுட்டேனேம்மா. ஏன் போக மாட்டேங்குது?” ஐந்தாவது தடவை அழுத்தினார்.

நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்த அறையில் இப்போது மின்விசிறிச் சத்தம் மட்டும். “எந்தக் கட்டத்துல பிரச்சனைன்னு ஏதாவது தெரியுதா சார்?” என்று மெதுவாகக் கேட்டாள் தோழி. அவர் சிரித்தார். “எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒண்ணுதாம்மா. சின்ன வயசுலேருந்தே. ஏதாவது நிறம் மாறியிருக்கா?”

கோடிங் தம்பியின் முகத்தில் காலையிலிருந்து இருந்த மாப்பிள்ளைத் தோழன் களை இறங்கிவிட்டது. அந்தப் படிவம் அவன் செய்தது. ஒரு வரி, ‘செல் எண்ணில் ஓர் இலக்கம் குறைகிறது’ என்று ஒரே ஒரு வரி பக்கத்தில் வந்திருந்தால் போதும். நிறத்தை மட்டும் நம்பி எதையும் சொல்லாதே என்று கழிப்பறைக் கதவில் இல்லாவிட்டாலும் அவனுக்குத் தெரியும். மடியில் நோட்டை வைத்து ஏதோ எழுதினான். எட்டிப் பார்த்தேன். ‘இன்று ராத்திரி’ என்று எழுதி இரண்டு கோடு போட்டிருந்தான்.

பொட்டு ஓட்டு

சாயங்காலம் ஹால் சுவர் முழுக்க மஞ்சள் சீட்டுகள். ஐந்து பேர் இடறிய ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு சீட்டு. எண்பதுக்கு மேல் இருக்கும். எல்லாவற்றையும் ஒரு வாரத்தில் சரிசெய்ய முடியாது, எது முதலில் என்று முடிவுசெய்யவேண்டும். வாக்கெடுப்பு! வட்ட ஸ்டிக்கர் வாங்கிவர மறந்துவிட்டார்கள். கணக்குப் பிரிவு அம்மா கைப்பையைத் திறந்து ஓர் அட்டை ஸ்டிக்கர் பொட்டை எடுத்து நீட்டினார். ஆளுக்கு மூன்று பொட்டு. பிரச்சினை பெரிதென்று தோன்றுகிற சீட்டுக்குப் பொட்டு வைத்துவிடவேண்டும்.

பார்க்கக் கண்கொள்ளாக் காட்சி. தாடி வைத்தவர், மீசை வைத்தவர் எல்லாரும் சுவருக்கு எதிரே நின்று, மெரூன் பொட்டை விரல் நுனியில் வைத்துக்கொண்டு யோசிக்கிறார்கள். ‘போன் நம்பர் எங்கே?’ என்ற சீட்டு கொஞ்ச நேரத்தில் நவராத்திரிக் கொலுவுக்கு வந்த சுமங்கலி மாதிரி ஆகிவிட்டது. புள்ளி வெட்டுக்கு ஆறு. சிவப்புக் கோட்டுக்கு ஏழு. 0-விலிருந்து 100-க்கு ஐந்து. ஓடும் உருண்டைக்கு இரண்டே இரண்டு, அது பிழைத்தது.

காப்பிரைட்டர் தன் மூன்று சொற்களுக்காகக் கடைசியாக ஒரு தடவை வாதாடினார். “தூது எவ்ளோ அழகான சொல்லு!” யாரும் மறுக்கவில்லை. தோழி மட்டும், “அழகுதான். பக்கத்துல ‘பேசுங்கள்’னு எழுதி நம்பரப் போட்டா இன்னும் அழகு” என்றாள். அவர் கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். பிறகு தானே ஒரு சீட்டை எடுத்து, ‘தூது’ என்பதை அடித்துவிட்டு ‘பேசுங்கள்’ என்று எழுதி, நம்பரையும் போட்டு ஒட்டினார். நம்பர் மனப்பாடமாக வரவில்லை, மேடத்திடம் கேட்டுத்தான் எழுதினார். சொந்த ஆபீஸ் நம்பர்!

ஆர்ட் டைரக்டரின் கையில் ஒரு பொட்டு பாக்கி. எல்லாரும் பஜ்ஜிப் பொட்டலத்தைச் சுற்றிக் கூடிய பிறகு, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், ‘சாம்பல் எழுத்து படிக்க முடியவில்லை’ என்ற சீட்டுக்குப் போய் அந்தப் பொட்டை வைத்து, விழாமல் இருக்கக் கட்டைவிரலால் ஒரு தடவை அழுத்தினார். நான் பார்த்துவிட்டேன். காட்டிக்கொள்ளவில்லை. அதற்குள் எனக்கும் வாயை மூடப் பழகியிருந்தது. உண்டியலை உடைத்ததில் 290 ரூபாய். அதில் 40 என்னுடையது என்பதால் வெங்காய பஜ்ஜி இரண்டு கூடுதலாக எடுத்துக்கொண்டேன்.

ஆறாவது ஆள்

விடைபெற்று வாசலுக்கு வந்தால், கதவு விரியத் திறந்திருக்கிறது. வெளிப்பக்கம் ஆபீஸ் அண்ணன் ஸ்க்ரூடிரைவரும் கையுமாகக் குந்தியிருக்கிறார். யானைத் தும்பிக்கைப் பித்தளைக் கைப்பிடி கழன்று தரையில் கிடக்கிறது. காரைக்குடியில் பழம்பொருள் கடை கடையாக ஏறி இறங்கி ஆர்ட் டைரக்டர் வாங்கிவந்ததாம் அது. “சார்தான் கழட்டச் சொன்னாரு. அண்ணாச்சி சொன்னது மனசுல உறுத்துதாம்.”

டொனால்ட் நார்மன் என்ற பேராசிரியர் 1988-இல் எழுதிய புத்தகத்தில் இந்த மாதிரிக் கதவுகளை உலகப் புகழ் அடையவைத்தார். தள்ளவேண்டிய கதவில் இழுக்கிற கைப்பிடி இருந்தால் தப்பு உங்கள்மேல் இல்லை, கதவின்மேல்தான் என்றார். இப்படிப்பட்ட கதவுக்கு இன்றைக்கு நார்மன் கதவு என்றே பெயர்.

கைப்பிடி இருந்த இடத்தில் ஒரு தட்டையான பித்தளைத் தகடு மட்டும் பதிந்திருந்தது. ஆபீஸ் அண்ணன் கதவைச் சாத்திவிட்டு என்னைப் பார்த்தார். “மேடம், தப்பா நினைக்காதீங்க. அந்த கேட் வரைக்கும் போயிட்டு, புதுசா வர்ற மாதிரி ஒரு தடவ உள்ள வர்றீங்களா? நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.”

கேட் வரை போனேன், திரும்பி வந்தேன். உள்ளங்கை தானாகப் போய்த் தகட்டில் பதிந்தது, தள்ளியது, கதவு திறந்தது.

அண்ணன் சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். ஒரு வார்த்தை பேசவில்லை. எழுந்துபோய் ‘தள்ளவும்’ சீட்டை நகத்தால் சுரண்டிப் பிய்த்து, உருட்டி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.